நூற்றுப் பதினேழாம் எண் புத்தகம்

அட்லஸின் செய்தித்தாள் உறையைக் கிழித்தபோது, உள்ளேயிருந்து ஒரு மெல்லிய புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

கிழித்தவர் தாண்டவராயன். படவேட்டிலிருந்து மலைக்கு வந்திருக்கும் புது வாத்தியார். பள்ளி நூலகத்தின் பொறுப்பை அன்று காலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மாற்றல் வந்துவிட்டது. மத்தியான ஜீப்பில் கீழே இறங்க வேண்டும்.

நூலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு இரும்பு பீரோ, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் நானே கோதுமைப் பசை காய்ச்சி, செய்தித்தாளில் உறை போட்டு, எண் எழுதி வைத்திருந்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு எண்கூடக் குறைந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

தாண்டவராயனுக்கு எண்கள் போதவில்லை. உறைக்குள் இருக்கும் பெயரையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சிறு பையன், நேற்று வேலைக்குச் சேர்ந்தவன், என்னைச் சந்தேகப்படுகிறானா என்று.

விழுந்ததை அவரே குனிந்து எடுத்து, அதன் உறையையும் பிரித்தார். பதினாறு பக்கம். அட்டையில் புகை விட்டுக்கொண்டு போகும் ரயில்.

"சார், பதிவேட்டுல நூத்திப் பதினேழு இதுதாங்க. தொலஞ்சு போச்சு, அதுக்குப் பதிலா வந்ததுன்னு ஒரு பஞ்சாங்கத்த காமிச்சீங்களே?"

அவர் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. கெங்கம்மாள் அப்போது ஏழாம் வகுப்பு. ரயிலைப் பார்த்ததே இல்லாதவள். அந்தப் புத்தகத்தை நான்கு தடவை எடுத்துப் போனாள். இது நம்ம மலை ஏறுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

நான்காம் தடவை புத்தகம் திரும்பி வரவில்லை என்று கேட்டேன். மேசைமேல்தான் வைத்தேன் என்றாள்.

அவள் வைத்ததாகச் சொன்ன அன்று மேசை முழுக்கத் தாளைப் பரப்பி, அட்லஸுக்கு இரட்டை உறை போட்டுக்கொண்டிருந்தேன். தாளுக்கு நடுவில் தேட எனக்குத் தோன்றவில்லை. அவள் வைத்ததையும் சேர்த்து மடித்து ஒட்டியிருக்கிறேன்.

கரும்பலகையில் 'புத்தகம் தராதவர்' என்று எழுதி, கீழே அவள் பெயரைப் போட்டேன். ஒரு பெயர்தான். இரண்டு நாள் அதன் எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டாள். மூன்றாம் நாள் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய அப்பா சடையன் வந்தார். படிக்காதவர். அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டார். கையால் காட்டினேன். வேலியிலிருந்து ஒரு குச்சியை முறித்து, என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, அளவாக ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த சந்தைக்கு ஒடுகத்தூர் இறங்கியவர், கடையில் குச்சியை நீட்டி, அதே அளவில் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். சித்தார்த்தி வருடப் பஞ்சாங்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அதற்கும் ஒரு உறை போட்டு 117 என்று எழுதினேன். பலகையில் இருந்த பெயரை அழித்தேன். பெண்ணை அனுப்பச் சொன்னேன். சடையன் தலையாட்டினார்.

அவள் வரவில்லை. அவர்கள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம்தான். ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். எண் சரியாகிவிட்டது, எனக்கு அது போதுமாக இருந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டவராயனிடம் சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது. அவர் பதிவேட்டைத் திருப்பி அந்த வருடத்தைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"மூணு வருசந்தான சார் ஆச்சு. இறங்கறதுக்கு முன்ன அவங்க வூட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க. பஞ்சாங்கத்த திருப்பிக் குடுத்து, பொண்ண வரச் சொல்லுங்க. நான் சேத்துக்கறேன்."

நல்ல மனிதர். அவரைப் போய்ச் சந்தேகக்காரர் என்று நினைத்தேனே.

பஞ்சாங்கத்தை எடுத்து, தை மாதப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். பதினொன்றாம் தேதியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம் இருந்தது.

"இன்னா சார் இது?" என்றார்.

அந்த வருடம் மார்கழியில் சடையன் இன்னொரு தடவை பள்ளிக்கு வந்தார். நாள் குறிக்க அவர்கள் ஊரிலேயே பெரியவர்கள் உண்டு. ஆனாலும் தான் கொடுத்த புத்தகம் பள்ளிக்கூடத்து பீரோவில் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு மதிப்பு. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நாங் குடுத்த பொஸ்தகத்துலயே நல்ல நாளா ஒண்ணு பாத்து சொல்லுங்க சார். இஸ்கூலுக்குத்தான் போவ மாட்டேங்குதே, கெங்காவ கட்டிக் குடுத்துர்லாம்னு."

ஒன்பது வருடத்தில், ஊரிலிருந்து ஒருவர் புத்தகம் தேடி என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக பீரோவைத் திறந்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.