பதினோராவது சாவு

அந்தத் தாய் பதினோராவது தடவையாகச் சாகக் கிடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஷம்ஷாத்துக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னுமா உயிர் போகல?" என்று வாய்விட்டே கேட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் சஃபீர் பதறிப்போனான். யாருக்கு என்னாச்சோ என்று ஓடிவந்து பார்த்தால், லேப்டாப்பில் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்.

அனிமேக்குத் தமிழ் வசனம் எழுதுவதுதான் ஷம்ஷாத்தின் வேலை. சென்னை டப்பிங் ஸ்டூடியோ படத்தை அனுப்பும். இவள் கொடைக்கானல் நாயுடுபுரத்து வீட்டில் உட்கார்ந்து, மேகம் இறங்கி நெட் போவதற்குள், வாயசைவுக்குத் தக்கபடி எழுதி அனுப்புவாள். இந்தக் கதை முதலில் ஜப்பானில் படக்கதைப் புத்தகமாக வந்தது. மங்கா என்பார்கள். மாமியார் வீட்டில் சொன்னால் எந்த மரத்து மாங்கா என்று கேட்பார்கள், அது போகட்டும்.

புத்தகத்தில் ஷோதா என்கிற வீரன் ஒரு படக்கட்டத்தில் ஈட்டியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் எறிகிறான். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் புத்தகம் இன்னும் வந்து முடியவில்லை, படம் அதைத் தாண்டி ஓடிவிடக் கூடாதாம், அதற்காக இழுத்தார்கள் பாருங்கள் ஒரு இழுப்பு! ஓங்கிய கை மூன்று எபிசோடாக ஓங்கியபடியே நிற்கிறது. நடுநடுவே பிளாஷ்பேக். எப்போதோ செத்துப்போன அம்மா பாயில் படுத்தபடி, "மகனே, நீ வீரனாக வேண்டும்" என்கிறாள். போன வாரமும் அதைத்தான் சொன்னாள், அதற்கு முந்தின வாரமும் அதைத்தான்.

வழக்கமாகப் பழைய குரலையே எடுத்து ஒட்டிவிடுவார்கள். இந்தத் தடவை பன்னிரண்டு நொடி நீட்டியிருந்தார்கள், அதற்குப் புதுசாக எழுத வேண்டும். அம்மாவும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியவில்லை. என்ன எழுதினாலும் பொருந்தும்.

ஷம்ஷாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டூடியோத் தமிழை ஒதுக்கிவிட்டு, பழனியில் அவள் அம்மா பேசுகிற தமிழில் தட்டினாள்: "ஏலே ஷோதா, இதோட பதினோரு வாட்டி வந்துட்டேன். உன்னால நிம்மதியாச் சாகக்கூட முடியல. வெரசா அந்த ஈட்டிய எறிஞ்சு சோலிய முடி."

அனுப்பிய அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஸ்டூடியோவில் வசனங்களைச் சரிபார்க்கிற சேனாதிபதி. படத்தை வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் பார்த்தால் வம்பு, பழையதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். ஷம்ஷாத் பொறுமையாக இல்லை. சண்டை பார்க்க வந்தவனுக்கு எத்தனை தடவைதான் சாவு வீட்டைக் காட்டுவீர்கள், பார்க்கிறவன் என்ன மடையனா என்று எகிறிவிட்டாள்.

"படத்துல இருக்கறதை மாத்த நமக்கு உரிமை இல்ல மேடம்."

"பாக்குறவங்க வீட்ல உக்காந்து சொல்றதைத்தான் அந்தம்மா சொல்லுது சார். அந்த வரியை எடுக்குறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எடுத்துருங்க."

வெள்ளிக்கிழமை எபிசோடு வெளியாக வேண்டும். மாற்றி எழுத சேனாதிபதிக்கு வேறு ஆள் இல்லை. எழுதினபடியே பேசவைக்கிறேன், ஆனால் ஒரு புகார் வந்தாலும் இதுதான் உங்கள் கடைசி எபிசோடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நாலு வருசமாகக் கட்டிக்கொண்டு அழுகிற கதை. முடிவு வரைக்கும் தன் கையால்தான் எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தாள். ஆனாலும் போனை எடுத்து மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை. போனால் போகட்டும், யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாக்லேட் கடை வேலை முடிந்து வந்த சஃபீரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தாள். அனிமே பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனுசன், அந்த அம்மா பேசியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசி நிமிடத்தில் ஷோதா ஈட்டியை எறிந்தே விட்டான். ஷம்ஷாத் கைதட்டினாள். சஃபீர் அதைக் கவனிக்கவே இல்லை, அந்தம்மா மறுபடி எப்போது வரும் என்று கேட்டான். இனி வராது என்று கறாராகச் சொன்னாள்.

திங்கட்கிழமை வெள்ளனே சேனாதிபதியின் போன். குரலே ஒரு மாதிரி இருந்தது. கம்பெனியின் பெரிய அதிகாரி நேரில் கூப்பிட்டுப் பேசினாராம். பதினோராவது பிளாஷ்பேக் விஷயமாகத்தானாம்.

ஷம்ஷாத் எழுந்து நின்றுகொண்டாள். "எழுதினது எழுதினதுதான் சார். மாத்த மாட்டேன். இனிமே பிளாஷ்பேக்குன்னு ஒரு வரிகூட என் கையால வராது. வேற ஆளைப் பாத்துக்கங்க."

"முழுசாக் கேளுங்க மேடம். மூணு நாளா ஜனங்க அந்த ஒரு துண்டத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறாங்களாம். பழைய பத்து பிளாஷ்பேக்குக்கும் நீங்களே புதுசா எழுதணுமாம். எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து முக்கால் மணி நேரப் படமா விடப்போறாங்க."

ஷம்ஷாத் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அப்படியென்றால் சண்டை என்னாவது என்று கேட்டாள்.

"அதை வெட்டிருவாங்களாம் மேடம், கதைய இழுக்குதாம்."