சண்டைக்கு நல்ல தீவு

“மீன் பிடிக்கவா, போட்டோ எடுக்கவா, சண்டை போடவா?” என்று கேட்டார் படகுக்காரர்.

கேட்டவர் சிரிக்கவில்லை. தூண்டிலும் இல்லாமல் கேமராவும் இல்லாமல், ஆளுக்கொரு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருப்பார் போல.

“சண்டை” என்றேன். அவரிடம் என்ன ஒளிவு மறைவு?

“அப்ப சின்னத் தீவுல இறங்கிக்குங்க. பெரிசுல காலையிலேயே ஒரு பார்ட்டிய இறக்கியாச்சு. ரெகுலரா வர்றவங்க.”

விடிந்ததுமே அத்தையும் மாமாவும் கண் டாக்டரிடம் போய்விட்டார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத நாளாகப் பார்த்து, பல் டாக்டரிடம் போவதாக ஓரகத்தியிடம் சொல்லிவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பியிருந்தோம்.

எங்கள் வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே மரத்தடுப்புதான். அதுவும் கூரை வரை போகாது. நான் இருமினால் ஓரகத்தி அந்தப் பக்கமிருந்து தடுப்புக்கு மேலே தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள். அங்கே புருஷனோடு எப்படிச் சண்டை போடுவது? கல்யாணமான நாள் முதல் எல்லாச் சண்டையும் அப்படியே பாக்கி. அதில் தனிக்குடித்தனச் சண்டைதான் பெரிய பாக்கி.

தீவில் கடல் பறவைகளைத் தவிர ஈ காக்கை இல்லை. படகு மறைந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“தனி வீடு பார்ப்பீங்களா, மாட்டீங்களா?”

“மெதுவா, மெதுவா.”

“மெதுவாத்தானே பேசறேன்!”

நிஜமாகவே மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் கடல், நடுவில் நின்று இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். பழக்கதோஷம்.

“நாம தனியா போறோம்னா எங்கம்மா மனசு உடைஞ்சிடும். அவங்கள மாதிரி வருமா? எங்கப்பாகிட்ட ஒரு நாளாவது குரல ஒசத்திப் பேசியிருப்பாங்களா?”

மாட்டார்கள்தான். அத்தை பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அந்த அத்தையைக் காட்டிக் காட்டியே என் வாயை அடைத்து வைத்திருந்தார் இவர்.

அப்போதுதான் பெரிய தீவிலிருந்து அந்தக் குரல் வந்தது. குரலா அது! பாறையில் உட்கார்ந்திருந்த பறவைகளெல்லாம் கிளம்பிவிட்டன.

“அதுங்கள தனியா போகச் சொல்லுங்கன்னு எத்தன தடவ சொல்றது? வயசான காலத்துல நாம வாய்விட்டு நாலு வார்த்த பேச ஒரு ரூம் வேணாமா?”

ஓர் ஆண் குரல் ஏதோ முனகியது. பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

“பையன் மனசு நொந்துடுமா? இங்க என் தொண்டத்தண்ணி வத்துதே, அது?”

எனக்குச் சிலிர்த்தது. “கேட்டீங்களா? அவங்கதான் மாமியார்! அந்த மருமக கொடுத்துவெச்சவ.”

“எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்ல” என்றார் இவர், பெருமையாக.

அந்தப் பெருமைதான் என் வாயைத் திறந்துவிட்டது. பெரிய தீவுக்காரிக்குக் கொஞ்சமும் குறையாமல் கத்தினேன். ஓரகத்தி, மரத்தடுப்பு, சொம்பு, எதையும் விடவில்லை. இவரும் கத்தினார். கடைசி வரை “முடியாது”தான்.

நாங்கள் ஓய்ந்தபோது பெரிய தீவில் சத்தமே இல்லை.

“தீர்ந்துச்சாம்மா?” என்றார் படகுக்காரர், ஏறும்போது. இல்லை என்று தலையை ஆட்டினேன். பேசக் குரல் இல்லை. “பரவால்ல, அவங்களுக்கும் தீரல. அவசரமா முன்னாடியே கிளம்பிட்டாங்க.”

வீட்டில் மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். செருப்பைத் தட்டித் தட்டி மணலை உதிர்த்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கண் டாக்டரிடம் போனவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு தம்ளரில் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். பிறகு மாமாவை முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த தெருவுல ஒரு வீடு காலியா இருக்காம்.”

இவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பல் டாக்டரிடம் போய் வந்தவர்தானே. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.