பதினொன்று எண்ணும் நேரம்

பொத்தானை அழுத்தினால் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கி நிறுத்தி, நின்றவாக்கிலேயே வீடெங்கும் கொண்டுபோகும் சக்கர நாற்காலி அது. லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்று நான்கு வருடம் கட்டிலில் கிடந்த பொன்னுசாமி இன்று எழுந்து நிற்கப்போகிறான் என்று தெருவே திரண்டு வந்திருந்தது. அவன் மனைவி செண்பகவல்லி மட்டும் அடுப்படிக் கதவை விட்டு நகரவில்லை. இந்த நான்கு வருடமும் அவன் கை அவள் இடுப்புக்கு மேலே எட்டியதில்லை. சோற்றுத் தட்டை வைத்ததும் ஓரடி நகர்ந்துவிட்டால் அதுவும் எட்டாது. கன்னத்தில் விரல் தடம் இல்லாமல் நாலு பேர் முன்னால் போய்வரப் பழகியிருந்தாள்.

“அக்கா, எதிர்ல வந்து நில்லுங்க. அண்ணன் எந்திரிச்சதும் உங்க முகத்ததான் பாக்கணும்” என்றான் நாற்காலி கொண்டுவந்த கம்பெனிக்காரன்.

போய் நின்றாள். மோட்டார் முனகியது. அவன் தலை அவள் மார்பைக் கடந்து, தோளைக் கடந்து மெல்ல மேலே வந்தது. அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினொன்றில் அவன் கண்கள் அவள் கண்களுக்கு நேராக வந்து நின்றன. பதினொன்று போதும். அதற்குள் அடுப்படிக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிடலாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்னுசாமி மனைவியின் கன்னத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தான்.

“தம்பி, இது இன்னும் கொஞ்சம் வெரசா எந்திரிக்காதா?”

“அதுக்கென்னண்ணே, வச்சுக்கலாம்.” கம்பெனிக்காரன் குனிந்து ஒரு குமிழைத் திருகினான். “இப்ப மூணே செகண்டு. அக்கா, நீங்க அப்படியே நில்லுங்க. ஒருக்கா பாத்துரலாம்.”