வோல்ட்டும் ஆம்பியரும்

"மறுபடியும் ஃபியூஸ் போயிடுச்சா, அத்தை? பேசாம நான் இங்கேயே குடிவந்துடறேன்!" சிரித்தபடி கம்பியை மாற்றினான் லைன்மேன் தில்ஷோத்.

சலோமத் கிண்ணத்தில் கால்வாசி தேநீர்தான் ஊற்றினாள். குஜந்த் நகரத்தில் கிண்ணம் நிறைய ஊற்றினால், விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாக அர்த்தம்.

"வோல்ட்டு, ஆம்பியர்ங்கறீங்களே, எனக்கு ஒண்ணும் புரியலப்பா."

"ரொம்பச் சுலபம் அத்தை. கம்பியில ஓடுறது வோல்ட்டு. அதைப் பின்னாலிருந்து தள்ளுறது ஆம்பியர்."

அவன் தலைகீழாகச் சொல்கிறான் என்பது, முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திய சலோமத்துக்குத் தெரியும். காலையில் ஃபியூஸ் கம்பியை அறுத்ததும் அவள்தான். கணவர் போனபின் அந்த வீட்டுக்குள் கேட்கும் ஒரே குரல் அவனுடையது.

"அப்போ வாட்டுன்னா என்னப்பா?" என்றாள்.

"அது பெரிய கதை, அத்தை" என்று குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு, தில்ஷோத் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.