மூடிய பாலத்தின் பாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் விழுந்து இறந்த நடைபாலத்தைப் பூட்டி ஒரு மாதமாகிறது. அதன் அடியில் ஒளியிழை உணரிகளை ஒட்டியிருக்கிறேன். மேலே யார் நின்றாலும் பாலம் இம்மியளவு வளையும். அந்த வளைவை வைத்து, நிற்பவரின் எடை என் திரையில் தெரியும். காலிப் பாலத்தின் நடுவில் எழுபத்தொரு கிலோ நின்றது. யாருக்கோ காத்திருப்பவர்போல் கால் மாற்றி மாற்றி நின்றது.

"உங்க மிஷின் பேயைக்கூட எடை போடுதேப்பா!" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். உணரிகளை மாற்றினேன். அதே கணக்குதான்.

நேற்று, "ஒரே ஒரு தடவை அங்க நின்னுட்டு வந்துடறேன்டா தம்பி" என்று நீ அழுததால் பூட்டைத் திறந்தேன். நீ தனியாகத்தான் திரும்பி வந்தாய். திரையில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள்.

இன்று பாலத்தில் பாரமே இல்லை.

வீட்டில் இருவரும் நலம்தானே?

இப்படிக்கு,
உன் தம்பி