யாரோட புகை?

வயல் நடுவில் ஒரு ரைஸ் மில் புகைபோக்கி தனியாக நின்றது. பக்கத்துக் கம்பத்தில் மைனாவின் கூடு. புகை அடித்தால் மைனா புகைபோக்கியைச் சும்மா விடாது.

"டேய் நெட்டை, பிள்ளை இருமுதுடா!"

"என் புகைதான்க்கா, மன்னிச்சிரு" என்று சொல்லி, நெட்டை உடனே கீழே அடுப்பைத் தணிக்கச் சொல்லும். அடுப்பும் தணியும்.

அப்புறம் சுற்றிலும் கம்பெனிகள் வந்தன. எங்கே பார்த்தாலும் புகைபோக்கிகள். பேச்சுத்துணை கிடைத்ததில் நெட்டைக்கு ஒரே குஷி.

ஒருநாள் மைனாவின் புதுக் குஞ்சுக்கு மூச்சே வரவில்லை. "யாருடா விடுறது? கொஞ்சம் நிறுத்துங்கடா!" என்று மைனா கத்தியது. ஒவ்வொரு புகைபோக்கியும் பக்கத்தில் நின்றதைக் காட்டியது. கடைசியில் மைனா நெட்டையிடம் வந்தது.

"நீயாவது சொல்லுடா."

நெட்டை மற்றவர்களைப் பார்த்தது. "நான் இல்லக்கா" என்றது.

சாயங்காலம் குஞ்சு செத்துப்போனது. மைனா திட்டும் என்று நெட்டை காத்திருந்தது. மைனா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.