மாரி பிஸ்கட்

உடையப்பனுக்கு நாக்கு நுனியில் எறும்பு ஊர்ந்தது.

தாமான் குடியிருப்பின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில், மைக் முன்னால் நின்று சட்டைப் பொத்தானைத் திருகினான். பையிலிருந்து தாளை எடுத்தான். பார்த்தான். மறுபடி பைக்குள் வைத்தான்.

சர்ச்சில் நடக்கும் இலவச டியூஷனுக்கு நம் பிள்ளைகள் போகக் கூடாது. வாசிக்க வேண்டிய தீர்மானம் அவ்வளவுதான். அப்புறம் அம்மனுக்கு ஒரு சின்னப் பிரார்த்தனை.

அதன் முடிவில்தான் ஆபத்து.

இவர்கள் எல்லாரும் ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் அங்கே பாலர் பள்ளி நடத்தியவர் சிஸ்டர் கத்தரின். அ, ஆ சொல்லிக்கொடுத்தார். மூக்குச் சளியைத் துடைத்துவிட்டார். தினமும் பிள்ளைகள் எல்லாரையும் விரல் கோக்க வைத்து ஜெபம் செய்தார். ஜெபத்தை முடிக்கும் அந்தச் சொல்லை யார் உரக்கச் சொல்கிறார்களோ, அவர்களுக்கே முதல் மாரி பிஸ்கட். அது மாரியம்மன் அனுப்புகிற பிஸ்கட் என்று ஏழு வயதுவரை நம்பியிருந்தான் உடையப்பன்.

ஆண்டுகள் நாற்பத்தைந்து ஆகியும் எதை வேண்டினாலும் கடைசியில் அந்தச் சொல் தானாக வந்து நிற்கிறது. போன வருடம் தங்கை மகள் கல்யாணத்தில், ஐயர் பக்கத்திலேயே, மைக்கில்.

இன்றைக்கும் வந்தால் தீர்மானமும் போச்சு, கோயில் செயலாளர் பதவியும் போச்சு.

"மச்சான், கடைசியில சொதப்பிறாதலா. நாறிப்போயிரும்," என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார் கோயில் தலைவர் சின்னையா. தீர்மானத்தை எழுதியவரே அவர்தான்.

உடையப்பன் ஒரே மூச்சில் வாசித்தான். எல்லாரும் கண்ணை மூடினார்கள். தாயே என்று ஆரம்பித்தான். பிள்ளைகளைக் காப்பாற்றச் சொன்னான். ஓம் சக்தி என்று முடித்து, பல்லை இறுகக் கடித்துக்கொண்டான்.

தப்பித்தாயிற்று.

கைதட்டல் வரவில்லை.

ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். பழைய தோட்டத்து ஆட்கள் அறுபது பேரும் கண் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கும்பிட்ட கை ஒன்றுகூட இல்லை. எல்லார் விரல்களும் ஒன்றோடொன்று கோத்திருந்தன.

மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள்.

"முடிச்சிட்டியா இல்லியாலா?" என்றார் சின்னையா. அவரும் கண்ணைத் திறக்கவில்லை.

உடையப்பன் பல்லை இன்னும் இறுக்கிக் கடித்தான்.

சின்னையாவுக்குப் பொறுக்கவில்லை. எட்டி மைக்கை இழுத்தார்.

"ஆமென்!"

"ஆமென்," என்றது மண்டபம். கண்கள் திறந்தன. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தேநீரோடு மாரி பிஸ்கட் தட்டு வந்தது.

முதல் பிஸ்கட்டைச் சின்னையா எடுத்துக்கொண்டார்.